பழைய புல்லட்டுக்குத் தோல் பை மாட்டுவது எப்படி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றிலும் தோல் ஊர்கள்தான். அதனால் பழைய புல்லட்டின் இரண்டு பக்கமும் தோல் பை தொங்கவிட ஆசைப்படுகிறவர் முதலில் தோலைத் தேடிக் கிளம்பிவிடுகிறார். நல்ல தோலும் கிடைக்கிறது, தைத்துக் கொடுக்க ஆளும் கிடைக்கிறது. சீட்டுக்குக் குறுக்கே பையைப் போட்டுக்கொண்டு ஒருமுறை ஏலகிரி ஏறி இறங்கினால் வலப் பை சைலன்சரில் பொசுங்கியிருக்கும், இடப் பை டயரில் உரசித் தேய்ந்திருக்கும். குற்றம் தோலில் இல்லை. சுமையைத் தாங்க வேண்டியது இரும்புச் சட்டம். தோலின் வேலை பொருளை மூடுவது மட்டும். எனவே வண்டி, அளவு, கம்பிச் சட்டம், அதற்குப் பிறகுதான் தோல்.

கீழே வரும் அளவுகள் வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350-ஐ வைத்துச் சொன்னவை. அதில் சைலன்சரும் கிக்கரும் வலப்பக்கம். செயினும் பின் பிரேக் டிரம்மும் இடப்பக்கம். எஸ்டி, ஜாவா வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் சைலன்சர், கிக்கர் இடப்பக்கம். ஆர்.எக்ஸ். 100-க்கு சைலன்சர் வலப்பக்கம். ஆனால் வண்டியே 100 கிலோ சொச்சம்தான் என்பதால் பையும் சிறியதாக இருக்க வேண்டும். வண்டி எதுவானாலும் செய்முறை ஒன்றுதான், அளவை மட்டும் உங்கள் வண்டியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி சுமைக்குத் தயாரா?

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் இரும்புக் கை) புஷ் தேய்ந்திருக்கலாம், சக்கர பேரிங்கும் போயிருக்கலாம். சக்கரம் ஆடும்போது ஸ்விங் ஆர்மும் கூடவே அசைந்தால் புஷ். ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் பேரிங். இரண்டில் எது இருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் பை மாட்டக் கூடாது. தனி ஆளாக ஓட்டும்போது தெரியாத ஆட்டம், பின்னால் பத்துக் கிலோ ஏறியதும் 70 கி.மீ. வேகத்தில் வாலாட்டமாக வெளிவரும். பழியை எல்லோரும் பையின் மேல் போடுவார்கள்.

அடுத்து ஸ்போக்குகளை ஒரு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொண்ணையாகக் கேட்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, மேல் கீழ் ரப்பர் புஷ்ஷில் விரிசல், மட்கார்டு தாங்கும் கம்பிகளில் வெல்டிங் விட்ட இடம் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். முப்பது வருட மட்கார்டில் பெயின்ட்டுக்கு அடியில் துரு ஒளிந்திருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் நொறுங்குகிற இடம் இருந்தால் அதற்குத் தகரக் கடைதான் முதல் வேலை.

அட்டைப் பெட்டியில் ஒத்திகை

பையின் அளவைக் கடையில் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புல்லட்டுக்கு நீளம் 350, உயரம் 300, அகலம் 130 மி.மீ. என்ற அளவு சரியாக உட்காரும். இதே அளவில் இரண்டு அட்டைப் பெட்டி செய்து, ஒவ்வொன்றிலும் 5 கிலோ அரிசியோ மணலோ போட்டு, வண்டியில் கயிற்றால் கட்டுங்கள். பெட்டியின் நடுப்பகுதி பின் அச்சுக்கு நேராகவோ சற்று முன்னாகவோ வர வேண்டும். அச்சுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். அழகுக்காகப் பின்னால் தள்ளித் தொங்கவிட்ட பைகள் பல இந்தக் காரணத்தால்தான் தொல்லை கொடுக்கின்றன.

பெட்டியைக் கட்டிய நிலையில் கிக்கரைக் கடைசிவரை மிதித்துப் பாருங்கள். காலும் குதிகாலும் பெட்டியின் முன் முனையைத் தொடக் கூடாது, 100 மி.மீ. இடைவெளி இருந்தால் நிம்மதி. பின்னால் ஒருவரை உட்காரவைத்து அவர் ஃபுட்ரெஸ்டில் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் ஒரு பக்கமாக உட்காருவார்கள் என்றால் இடப்பக்கம் அதற்கும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போடக் கால் வைக்கும் கொக்கி, செயின் இறுக்கும் நட், பிரேக் அட்ஜஸ்டர் எல்லாவற்றுக்கும் ஸ்பேனர் போகிறதா? போகாவிட்டால் பையைக் கழற்றாமல் செயினைக்கூட இறுக்க முடியாது.

இனி முக்கியமான அளவு. பை தொங்குவது ஷாக்குக்கு மேலே உள்ள சேஸிஸில்; சைலன்சரும் சேஸிஸில்தான். ஆகவே பள்ளத்தில் விழுந்தாலும் பைக்கும் சைலன்சருக்கும் உள்ள இடைவெளி மாறாது. மாறுவது சக்கரம், டிரம், செயின், ஸ்விங் ஆர்ம் ஆகியவை. இவைதான் மேலே எழும்பி வந்து பையைத் தின்னும். நிறுத்திவைத்த வண்டியில் விரல் நுழைகிறது என்று திருப்திப்படுவது வீண். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அச்சு நட்டிலிருந்து மட்கார்டு விளிம்பில் ஒரு குறிவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, அதே இடத்தில் ஒரு அளவுகோலை டேப் போட்டு ஒட்டி, இரண்டு பேர் உட்கார்ந்து நன்றாகக் குலுக்குங்கள். ஒருவர் அதைச் செல்போனில் வீடியோ எடுத்தால் அச்சு எதுவரை ஏறுகிறது என்று நிறுத்திப் பார்த்துவிடலாம். அந்த உச்சத்துக்கு மேல் இன்னும் 25 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள், நம் தெரு வேகத்தடைகள் இரண்டு பேர் குலுக்குவதைவிட மோசமானவை. சக்கரமும் டிரம்மும் ஏறி இறங்கும் இந்தப் பாதைக்குள் பையோ, பட்டையோ, கம்பியோ எதுவும் வரக் கூடாது.

சைலன்சர் சூட்டுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சைலன்சரின் மேல் முன்னிருந்து பின்னாக ஈரக் கையால் தண்ணீர் தெளியுங்கள். சொய்யென்று சீறுகிற இடம் 100 டிகிரிக்கு மேல். அந்தப் பகுதிக்கு மேலே பையின் அடி வரும் என்றால் தடுப்புத் தகடு கட்டாயம். தடுப்பு இல்லாமல் குறைந்தது 75 மி.மீ., தடுப்புடன் 50 மி.மீ. இடைவெளி விடுங்கள். பை காலப்போக்கில் ஒரு விரல்கடை தொய்யும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் இந்த அளவு.

எல்லாம் ஒத்துவந்தால் பெட்டியின் விளிம்பைச் சாக்பீஸால் வண்டியில் வரைந்து, நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போகலாம்.

கம்பிச் சட்டம்

பட்டறையில் 3 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உருட்டுக் கம்பி என்று கேட்டால் 10 மி.மீ. கம்பி எடுத்துப்போடுவார்கள். பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர், ஆக 3 மீட்டர். எடை இரண்டு கிலோவுக்குள். 4 நூல் கம்பி போட்டால் இன்னும் பலம் என்று பட்டறையில் சொல்வார்கள். சுமை 5 கிலோதான், அது தேவையில்லை. கம்பியின் கனத்தைவிட அதை எத்தனை இடத்தில் பிடிக்கிறோம் என்பதுதான் பலத்தைத் தீர்மானிக்கிறது. சட்டத்தை வண்டியின் போல்ட்டில் பிடிக்கும் துளையிட்ட துண்டுகளான காதுகளுக்கு 25×5 மி.மீ. பட்டை, அரை மீட்டர்.

பையின் முதுகைவிடச் சுற்றிலும் 25 மி.மீ. குறைவாக, அதாவது சுமார் 300×250 மி.மீ. செவ்வகமாகக் கம்பியை வளைக்க வேண்டும். மூலைகளைக் கூராக மடக்காமல் ஒரு குழாயைச் சுற்றி வளைக்கச் சொல்லுங்கள். கூர் மூலை தோலைக் குத்திக் கிழிக்கும், கம்பியும் அங்கேயே முறியும். செவ்வகத்தின் நடுவில் குறுக்காக இரண்டு பட்டை. போல்ட் போடும் துளைகள் இந்தப் பட்டையில் வரும். அவற்றை வட்டமாக இடாமல் 20 மி.மீ. நீளத் துளையாக இட்டால் பிறகு முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யலாம்.

பிடிக்க வேண்டிய இடம் மூன்று. முதலாவது, முன் கீழே, பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட் அல்லது சைலன்சர் பிராக்கெட் போல்ட். இரண்டாவது மேலே, சீட்டின் பின்பக்கம் மட்கார்டைத் தாங்கும் சேஸிஸ் போல்ட். மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: இடச் சட்டத்தையும் வலச் சட்டத்தையும் மட்கார்டுக்குப் பின்னால், நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு குறுக்குப் பட்டையால் இணைப்பது. இது இல்லாவிட்டால் பை கனத்ததும் சட்டத்தின் பின்முனை சக்கரத்தை நோக்கி உள்ளே மடங்கும். மெதுவாக மடங்குவதால் கண்ணுக்குத் தெரியாது, பையின் பின்பக்கம் டயர் உரசிய பளபளப்பு வந்த பிறகுதான் தெரியும்.

மட்கார்டுத் தகட்டில் புதிதாகத் துளை போட்டு அதில் சுமையை ஏற்றாதீர்கள். அதிர்வில் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் விடும். ஷாக்கின் மேல் போல்ட்டைப் பயன்படுத்த ஆசை வரும், பயன்படுத்தலாம், நிபந்தனையோடு. அங்கே வரும் காதை மட்டும் 5 மி.மீ. பட்டையில் செய்யக் கூடாது, அதன் கனம் 3 மி.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது. அது ஷாக்கின் வளையத்துக்கும் வாஷருக்கும் வெளியேதான் உட்கார வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு ஒன்று இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். நட்டின் வாய்க்குள்ளேயே போல்ட் முடிந்துவிட்டால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள்.

இடப்பக்கம் சாரி கார்டைக் கழற்றிவிட்டால் வேலை சுலபமாகும் என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு, பின்னால் உட்காருபவரின் உடை சிக்காமல் இருக்க, வண்டியில் இருக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி. விதியைத் தள்ளிவைத்தாலும், சேலையும் துப்பட்டாவும் பையைக் கண்டு விலகிப் போகப்போவதில்லை. தவிர, பைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு இரும்பு வேலி இருப்பது பைக்கும் நல்லதுதான். கம்பிச் சட்டத்தை அதற்கு வெளியே அமையுங்கள்.

வெல்டிங்கை வண்டிக்கு வெளியேதான் செய்ய வேண்டும். இடம் பார்த்து டேக் (சின்னப் பொட்டு வெல்டு) வைப்பதற்கு மட்டும் வண்டியில் பிடிக்க நேர்ந்தால், முதலில் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வையுங்கள், பேட்டரியின் இரண்டு ஒயரையும் எடுத்துவிடுங்கள், ரெகுலேட்டர் கப்ளரையும் உருவிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் துண்டிலேயே கவ்வச் செய்யுங்கள். எங்கோ ஹேண்டிலில் கவ்வினால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் புள்ளி விழும். சேஸிஸில் நேரடியாக எதையும் பற்றவைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் பொரிவுகளை அரத்தால் ராவி, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, கறுப்பு எனாமல் இரண்டு கோட்டு. தோல் படும் பக்கத்துக்கு இந்த பெயின்ட் மிக அவசியம். ஏன் என்பது தோல் பகுதியில் வருகிறது.

மரை குழப்பம்

புதியவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். 1950-களின் நடுவில் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கியபோது வடிவம் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்தது; அதோடு அந்த நாட்டு மரைகளும் வந்து பல ஆண்டுகள் தங்கிவிட்டன. பழைய வண்டியில் இரண்டரை நூல் போல்ட் என்பது 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. இன்றைய எம்8 போல்ட் 8 மி.மீ. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் எம்8-இன் மரை இடைவெளி 1.25 மி.மீ., அங்குலத்துக்கு ஏறக்குறைய 20 மரை; பழைய வண்டியில் இருக்கும், சைக்கிள் மரை எனப்படும் இங்கிலாந்து மரையில் அங்குலத்துக்கு 26. ஒன்றில் மற்றொன்றைப் போட்டால் இரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு சிக்கும். சிக்கியதும் நீள ஸ்பேனர் போட்டு இறுக்கினால் சேஸிஸ் மரை செத்தது. கையால் கடைசிவரை போகாத போல்ட்டை ஸ்பேனரால் துரத்தாதீர்கள். கழற்றிய பழைய போல்ட்டையே கடைக்குக் கொண்டுபோய் அதே மரையில் 10 மி.மீ. நீளம் கூடியதாக வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லேத்தில் செய்துகொள்ளலாம்.

நீங்கள் புதிதாகச் செய்யும் சட்டத்தில் எம்8, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்த, அதிர்வில் தளராத நட்). இறுக்கம் 22 முதல் 25 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லையென்றால் சாதாரண 13-ஆம் நம்பர் ஸ்பேனரை ஒரு கையால் திடமாக இறுக்கினால் போதும், ஏறி மிதிக்க வேண்டாம். நைலாக் நட்டை ஒருமுறை கழற்றினால் புதியது போடுவது நல்லது.

எந்தத் தோல்?

ஆம்பூர்ப் பக்கம் துண்டுத் தோல் மலிவாகக் கிடைக்கும். அதில் பெரும்பகுதி ஷூவின் மேற்பகுதிக்கான, குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல், 1.2 முதல் 1.6 மி.மீ. கனம், துணி மாதிரி மடங்கும். காலுக்கு அது சுகம். பையாகத் தைத்தால் ஒரே மாதத்தில் சாக்குமூட்டையாகிவிடும். உங்களுக்கு வேண்டியது சேணத்துக்கும் பெல்ட்டுக்கும் பயன்படும் கெட்டித் தோல். எருமைத் தோலானால் இன்னும் நல்லது. முதுகும் முகப்பும் 3.5 மி.மீ., மூடி 3 மி.மீ., பக்கவாட்டுப் பட்டி 2.5 மி.மீ. மேலே சொன்ன அளவில் ஒரு பைக்கு ஐந்து சதுர அடி, இரண்டுக்கும் பத்து, வார்களுக்கும் இணைப்புப் பட்டைக்கும் இரண்டு. வெட்டுச் சேதம் சேர்த்து பதினாறு சதுர அடி வாங்கினால் இழுபறி இருக்காது. ஒரு பை தகடும் பக்கிளும் சேர்ந்து இரண்டு கிலோ வரும்.

ஆவாரம் பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை போன்றவற்றில் பதனிட்டது பட்டைத் தோல். விறைப்பாக நிற்கும், வடிவம் காக்கும், விளிம்பைத் தேய்த்தால் மெருகேறும். சொட்டுத் தண்ணீர் வைத்தால் உடனே கறுத்து உள்ளே இழுக்கும். குரோம் தோல் மழையைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் தொளதொளக்கும். சந்தேகம் வந்தால் ஒரு நறுக்கை எரித்துப் பாருங்கள்: பட்டைத் தோல் எரிந்து மிஞ்சுவது வெறும் சாம்பல் நிறம், குரோம் தோலின் சாம்பலில் பச்சை ஓடும். வெட்டிய விளிம்பில் மேலே நெருக்கமான நாரும் கீழே தளர்ந்த நாரும் தெரிந்தால் முழுத்தோல். ஒரே சீராகப் பொடியை அமுக்கியது போலவோ, மேலே பிளாஸ்டிக் தோல் உரிவது போலவோ இருந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பைக்குப் பட்டைத் தோல்தான் சரி. அதன் பலவீனங்களை மட்டும் அறிந்திருக்க வேண்டும். ஒன்று, ஈரமாக இருக்கும்போது 70 முதல் 85 டிகிரிச் சூட்டிலேயே அது சுருங்கிவிடும். ஈரக் குரோம் தோல் 100 டிகிரியையும் தாண்டும். காய்ந்த பையைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோனால் நிறம்தான் மாறும், மழையில் நனைந்த பையானால் அப்பளம் போலச் சுருண்டு கல்லாகும். இப்படிச் சுருண்டதை எந்த எண்ணெயும் மீட்காது. இன்னொன்று, பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை மாதிரி கறுப்புக் கறை பிடிக்கும். பழைய காலத்து எழுதும் மையே அப்படிச் செய்ததுதான். சட்டத்துக்கு பெயின்ட் அவசியம் என்றது இதற்காக. பக்கிள், ரிவெட், டி வளையம் எல்லாம் பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ மட்டும்.

தைப்பவரிடம் சொல்ல வேண்டியவை: மெழுகு தடவிய 1 மி.மீ. நைலான் நூல், இரண்டு ஊசிக் கைத்தையல், அங்குலத்துக்கு ஆறு தையல். நெருக்கித் தைத்தால் உறுதி என்று பத்துப் பன்னிரண்டு போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். மெஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையாகப் பிரியும். இரண்டு ஊசித் தையலில் பிரியாது. அடியில் இரண்டு மூலையிலும் 6 மி.மீ. பித்தளை ஐலெட் (ஓட்டை வளையம்) வைக்கச் சொல்லுங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியே போக வழி வேண்டும்.

மாட்டும் முறை

பையின் உள்ளே முதுகுப் பக்கம் ஒரு விறைப்புத் தகடு வேண்டும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் ஏ.சி.பி. ஷீட் (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகை) துண்டு கிடைக்கும். 3 அல்லது 4 மி.மீ. கனம், எடையே இல்லை, துருவும் பிடிக்காது. முதுகைவிட 10 மி.மீ. குறைவாக வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து உள்ளே வையுங்கள். இதை விட்டுவிட்டு வெறும் தோலில் போல்ட் போட்டால் முதல் மாதம் துளை நீள்வட்டமாகும், அப்புறம் போல்ட் தலையே வெளியே வந்துவிடும்.

பையைச் சட்டத்தில் பொருத்திப் பிடித்து, பின்னாலிருந்து பென்சிலால் துளைகளைக் குறியுங்கள். மேலே மூன்று, கீழே நடுவில் ஒன்று. சுமை முழுவதும் மேல் மூன்றில். கீழே உள்ளது பை படபடக்காமல் பிடிப்பதற்கு. தையலுக்கும் விளிம்புக்கும் 20 மி.மீ. தள்ளியே துளை வர வேண்டும். தோலில் டிரில் போடாதீர்கள், நாரைச் சுருட்டி இழுத்துவிடும், 6 மி.மீ. தோல் பஞ்ச் வைத்து மரக்கட்டையின் மேல் ஒரே அடி. எம்6 ஸ்டெயின்லெஸ் போல்ட், மழுங்கிய தலை உள்ளே இருக்கும்படி; தலைக்குக் கீழே 25 மி.மீ. அகல வாஷர், பிறகு தகடு, தோல், பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வாஷர், சட்டம், வாஷர், நைலாக் நட் என்ற வரிசை. ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும். போல்ட்டின் வால் சக்கரப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடுங்கள்.

இரண்டு பையையும் இணைக்கும் பட்டை சீட்டுக்கு அடியில், மட்கார்டின் மேல் போகும். பட்டைக்கு அடியில் டியூப் ரப்பரை விரித்தால் பெயின்ட் பிழைக்கும். ஒயர் கட்டு அதற்கு அடியில் நசுங்குகிறதா என்று தடவிப் பாருங்கள். இந்தப் பட்டையைச் சுமை ஏறும்படி இழுத்துக் கட்ட வேண்டாம், போல்ட் ஒன்று விட்டுப்போனால் பை நடுரோட்டில் விழாமல் காக்க மட்டும்தான் அது.

வலப்பக்கத் தடுப்புக்கு 1 மி.மீ. அலுமினியத் தகடு, பையின் அடியைவிடச் சுற்றிலும் 20 மி.மீ. பெரிதாக. தோலோடு ஒட்டி வைத்தால் தகடு சூட்டைக் கடத்தி வேலையைக் கெடுக்கும். 10 மி.மீ. ஸ்பேசர் கொடுத்துச் சட்டத்தில் பிடிக்க வேண்டும். நடுவில் ஓடுகிற காற்றுதான் உண்மையான தடுப்பு.

பக்கிள் வார்களின் வால் தொங்கக் கூடாது. ஒவ்வொரு வாருக்கும் இரண்டு தோல் வளையம் வைத்து வாலைச் செருகுங்கள். காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும் வால் பெயின்ட்டைச் சுரண்டும், நீளமானால் ஸ்போக்கில் சிக்கும்.

இண்டிகேட்டர்

6 வோல்ட் காலத்து வண்டியில் பலவற்றுக்கு இந்தக் கவலையே இல்லை. 12 வோல்ட் வண்டியில் பை பின் இண்டிகேட்டரை மறைத்துவிடும். நம்பர் பிளேட், பின்விளக்கு, இண்டிகேட்டர் மூன்றும் பின்னால் வருபவருக்கு முழுதாகத் தெரிய வேண்டும். நம்பர் பிளேட் பிராக்கெட்டுக்கு மாற்றி, 0.75 சதுர மி.மீ. ஒயரால் நீட்டி, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும்) குழாய் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்குத்தான். பழைய இடத்தில் எர்த் மட்கார்டு வழியாகப் போயிருக்கும், புதிய பிராக்கெட்டில் பெயின்ட் அதைத் தடுக்கும். விளக்கு மங்கலாகவோ எரியாமலோ போனால் பல்பை மாற்றுவதற்கு முன்னால் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்துப் பாருங்கள்.

சுமையும் முதல் ஓட்டமும்

பக்கத்துக்கு 5 கிலோ, அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் அரைக் கிலோ வித்தியாசத்துக்குள் இருக்கட்டும். வீட்டில் மீன் எடைக் கொக்கித் தராசு இருந்தால் போதும். டூல், ஸ்பேர் டியூப், செயின் லிங்க் போன்ற கனமானவை அடியில் முன்பக்கம், மழைக்கோட்டு மேலே. பெட்ரோல் கேனைப் பைக்குள் வைப்பது கூடவே கூடாது. சைலன்சர் பக்கத்துப் பையில் மருந்து, சாக்லெட், பவர் பேங்க் வைக்காதீர்கள், மே மாத வேலூர் வெயிலே அவற்றுக்கு அதிகம். பின் டயர் காற்று இரண்டு பேர் போகும்போது வைக்கும் அளவு.

முதல் நாள் ஊருக்குள்ளேயே இருபது கிலோமீட்டர், வேகத்தடைகளின் மேல். திரும்பி வந்து பையின் உட்பக்கம் சாக்பீஸ் தேய்த்துவிட்டு இன்னொரு சுற்று போனால், எங்கே உரசுகிறதோ அங்கே வெள்ளை அழிந்திருக்கும். அடுத்து 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 60, 70, 80 என்று படிப்படியாக. லாரி கடந்து போகும்போது காற்று பையில் அடித்து வண்டி ஒரு முழம் நகரும். அது இயல்பு, கைக்குப் பழகிவிடும். காற்றே இல்லாமல் வால் ஆடினால் நின்று பாருங்கள்: பை பின்னால் தள்ளியிருக்கிறதா, ஒரு பக்கம் கனமா, டயரில் காற்று குறைவா, புஷ் போயிருக்கிறதா, இதே வரிசையில். மலைப்பாதை கடைசியில்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைச் சாய்த்து வளைக்கும்போது முதலில் தரையைத் தொடுவது ஃபுட்ரெஸ்டாகவே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பையின் அடி உரசும்படி இருந்தால் பையை மேலே ஏற்ற வேண்டும்.

50 கிலோமீட்டரில் எல்லா நட்டையும் ஒருமுறை, 250-இல் ஒருமுறை, 500-இல் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். தோலும் ரப்பரும் அமுங்கி உட்காருவதால் முதல் தடவை கால் சுற்றாவது போகும். அதன் பிறகும் ஒவ்வொரு தடவையும் ஒரே நட் தளர்கிறது என்றால் அந்த இடத்தில் சட்டம் இழுபட்டு நிற்கிறது என்று பொருள். லாக்டைட் (நட் தளராமல் பிடிக்கும் பசை) ஊற்றி மறைக்காமல் காதை நிமிர்த்திச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் அதே இடத்தில்தான் முறியும்.

வெயில், மழை

நம் வெயில் தோலின் எண்ணெயை உறிஞ்சிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் புழுதியைத் துடைத்து, நிழலில் காயவிட்டு, விளக்கெண்ணெய் மூன்று பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு கலந்த கலவையை விரல் நுனியால் மெல்லிசாகத் தேயுங்கள். மெழுகை நேரடி நெருப்பில் உருக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கவும். எண்ணெய் நிறைய விட்டால் தோல் ஊறிப்போய் விறைப்பை இழந்து தொய்யும். பக்கத்துக்கு இரண்டு தேக்கரண்டி மிஞ்சக் கூடாது. ஷூ பாலிஷ் நிறம் கொடுக்கும், உள்ளே இறங்காது.

நனைந்த பையை மொட்டை மாடியில் வெயிலில் போடாதீர்கள். எஞ்சின் சூட்டில் காயட்டும் என்று விடுவதும் கூடாது. செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மூடியைத் திறந்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள்; தாளை நாலு தடவை மாற்றுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைத்தால் பையைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பதே மேல். வெள்ளைப் பூஞ்சை கண்டால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து லேசாகத் தடவிக் காயவிட்டு, அப்புறம் கலவை பூசுங்கள். பூஞ்சையின் மேலேயே எண்ணெய் பூசினால் அதற்கு விருந்து வைத்த மாதிரி. ஷெட்டில் எலி நடமாட்டம் இருந்தால் பையைத் தரைமட்டத்தில் வைக்காதீர்கள், முதலில் அது கடிப்பது எண்ணெய் ஊறிய வாரைத்தான்.